ஒப்புதலுக்கு முன் காட்டப்படாத காகிதம்

இங்கிலாந்தின் அஞ்சல் நிறுவனம், தன் கிளை நடத்துநர்களில் ஒருவரான ஹாமில்டன் மீது திருட்டு, பொய்க்கணக்கு என இரு வகைக் குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. திருட்டுக்குச் சான்று எதுவும் தனக்குக் கிடைக்கவில்லை என்று அந்த நிறுவனத்தின் சொந்த விசாரணை அதிகாரியே உள் அறிக்கையில் எழுதியிருந்தார். வழக்கு நடந்த காலத்தில் அந்த அறிக்கை எதிரியின் கைக்கு வரவில்லை. திருட்டுக் குற்றச்சாட்டு மட்டும் வந்தது. பொய்க்கணக்கை ஒப்புக்கொண்டு, கணினி காட்டிய பற்றாக்குறையான சுமார் 36,000 பவுண்டையும் கட்டிவிட்டால் திருட்டைக் கைவிடுவதாக நிறுவனம் பேரம் பேசியது. சிறைக்குப் போக நேரும் என்ற அச்சத்தில் அவர் 2007இல் ஒப்புக்கொண்டார். கிராமத்தார் கைகொடுத்துப் பணம் திரட்டினார்கள். அந்தத் தண்டனைத் தீர்ப்பு ரத்தாவதற்கு 2021 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், அரசுத் தரப்பு காட்டாமல் வைத்திருந்த ஆவணம் பின்னாளில் வெளிப்பட்டதும் நீதிமன்றத்துக்கு வந்தால் என்ன சொல்வது? நம் நீதிமன்ற வராந்தாக்களில் முதலில் வரும் பதில், ‘ஒத்துக்கொண்ட பிறகு இனி என்ன?’ என்பதுதான். அந்தப் பதில் சட்டத்திலும் தவறு, நீதியிலும் தவறு. ஒப்புக்கொள்ளும் எதிரி குறுக்கு விசாரணையையும், தன் தரப்புச் சாட்சியையும், சந்தேகத்தின் பலனையும், பெரும்பாலும் மேல்முறையீட்டையும் ஒரே கையெழுத்தில் விட்டுக்கொடுக்கிறார். ஓர் உரிமையை விட்டுக்கொடுப்பதென்றால், விடுவது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். தனக்கு என்ன வாதம் இருந்தது என்பதே தெரியாதவரிடம் வாங்கிய கையெழுத்து, அதைத் தெரியவிடாமல் செய்த தரப்புக்கே பாதுகாப்பாக அமையக் கூடாது. ஆகவே நீதிமன்றம் கேட்க வேண்டிய கேள்வி, இவர் நிரபராதி என்று இப்போது நிரூபிக்கிறாரா என்பதன்று. மறைக்கப்பட்டது அன்றே கைக்கு வந்திருந்தால் இவர் ஒப்புக்கொண்டிருப்பாரா என்பதே கேள்வி.

ஹாமில்டன் சிக்கிய பொறியைச் சற்று அருகில் நின்று பார்ப்பது நல்லது. ஃபுஜிட்சு நிறுவனம் அமைத்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் 1999ஆம் ஆண்டிலிருந்து அஞ்சல் கிளைகளுக்குள் வந்தது. கிளை நடத்துநர் குறித்த காலத்துக்கு ஒருமுறை கையிருப்பை எண்ணி, திரையில் நிற்கும் தொகையோடு ஒப்பிட்டுக் கணக்கை முடிக்க வேண்டும். தொகை பொருந்தாவிட்டால், பற்றாக்குறையை அவரே ஈடுகட்ட வேண்டும் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. ஹாமில்டன் உதவி எண்ணை அழைத்து, அவர்கள் சொன்னபடியே விசைகளை அழுத்தியபோது, 2,000 பவுண்டாக இருந்த பற்றாக்குறை கண்ணெதிரே இரட்டிப்பானது. கட்டப் பணமில்லாதவர் அடுத்த நாள் கிளையைத் திறக்க வேண்டுமானால், கணக்கு பொருந்தியதாகக் காட்டி முடிப்பதைத் தவிர வேறு வழி கிடைக்காது. அதை அவர் செய்த அந்தக் கணத்தில் பொய்க்கணக்குக் குற்றத்தின் கூறுகள் எல்லாம் காகிதத்தில் நிறைந்துவிடுகின்றன. ஒருபுறம் எளிதில் நிரூபிக்கத்தக்க சிறிய குற்றம், மறுபுறம் சான்றே இல்லாத பெரிய குற்றம். பெரியதைக் காட்டிச் சிறியதை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். சில வழக்குகளில் ஹொரைசனைக் குறை சொல்லக் கூடாது என்பதும் பேரத்தின் நிபந்தனையாக இருந்தது. மென்பொருளின் அறியப்பட்ட பிழைகளைக் குறித்து வைத்த பதிவேடு ஃபுஜிட்சுவிடம் இருந்தது. கிளையின் கணக்கில் வெளியிலிருந்து கைவைக்க முடியும் என்பதும் அந்த நிறுவனத்துக்குத் தெரியும். இவை திறந்த நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது 2019 டிசம்பரில், 555 கிளை நடத்துநர்கள் தொடுத்த உரிமையியல் வழக்கில் நீதிபதி ஃபிரேசர் தந்த தீர்ப்பில்தான். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2013 ஜூலையில், அஞ்சல் நிறுவனத்துக்காகப் பணியாற்றிய வழக்கறிஞர் சைமன் கிளார்க், ஃபுஜிட்சுவின் நிபுணர் சாட்சி தமக்குத் தெரிந்த பிழைகளை நீதிமன்றங்களுக்குச் சொல்லவில்லை என்று எழுத்தில் அறிவுரை தந்திருந்தார். அந்த அறிவுரை தண்டிக்கப்பட்டவர்கள் கைக்கு வந்தது 2020 நவம்பரில்.

2021 ஏப்ரல் 23 அன்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 42 பேரில் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை ரத்து செய்தது. அவர்களில் பலர் ஒப்புக்கொண்டவர்கள். ரத்துக்கான காரணத்தை நீதிமன்றம் இரண்டு அடுக்காகச் சொன்னது: நியாயமான விசாரணை நடந்திருக்கவே முடியாது என்பது ஒன்று, அந்தச் சூழ்நிலையில் அவர்கள் மீது வழக்குத் தொடர்ந்ததே நீதியின் மனச்சாட்சிக்கு இழுக்கு என்பது மற்றொன்று. இரண்டாவது காரணம்தான் நம் கவனத்துக்கு உரியது. அதற்கு எதிரி நிரபராதி என்ற நிரூபணம் தேவையில்லை. வழக்குத் தொடுத்தவரின் நடத்தையே வழக்கின் அடித்தளத்தைத் தகர்த்துவிடுகிறது. தகர்ந்த அடித்தளத்தின் மேல் வந்த ஒப்புதலும் அதோடு போய்விடுகிறது. மீதி மூவரின் மேல்முறையீடு தள்ளுபடியானது, அவர்களுக்கு எதிரான வழக்கில் ஹொரைசன் தரவு இன்றியமையாததாக இருக்கவில்லை என்பதால். மறைக்கப்பட்ட சான்றுக்கும் ஒப்புதலுக்கும் உள்ள தொடர்பை நீதிமன்றம் வழக்கு வழக்காகப் பார்த்துப் பிரித்திருக்கிறது. மடை திறந்துவிடும் என்று அஞ்சுவோர் இந்த மூன்று தள்ளுபடிகளையும் படிக்க வேண்டும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். அவற்றில் வலுவானது, செய்தவருக்குத் தெரியாதா என்பது. லண்டனில் 2005 ஜூலை 21 அன்று நடந்த குண்டுவெடிப்பு முயற்சி வழக்கில் ஒப்புக்கொண்ட அசியேடு, அரசுத் தரப்பு அறிவியல் நிபுணர் தொடர்பான விவரங்கள் தமக்குக் காட்டப்படவில்லை என்று பின்னர் மேல்முறையீட்டுக்கு வந்தார். 2015இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இடம் தரவில்லை. தான் என்ன செய்தோம் என்பது எதிரிக்குத் தெரியும். சான்றைக் காட்டும் கடமை அரசுத் தரப்பின் வழக்கைச் சோதிப்பதற்காக இருக்கிறது. உண்மையை அறிந்தே ஒப்புக்கொண்டவருக்கு அந்தச் சோதனை தேவைப்படவில்லை என்ற வகையில் அங்கே காரணம் சொல்லப்பட்டது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. கத்தியால் குத்தியவருக்குத் தான் குத்தியது தெரியும். ஆனால் இந்தத் தர்க்கம் எதிரியின் சொந்த அறிவுக்குள் முழுதாக அடங்கும் உண்மைகளுக்கு மட்டுமே செல்லும். பற்றாக்குறை உண்மையிலேயே இருந்ததா என்பது கிளை நடத்துநருக்குத் தெரியாது. திரையில் இருந்த எண்தான் தெரியும். தன் சட்டைப்பையில் இருந்தது கஞ்சாதானா, எத்தனை கிராம் என்பதை இரசாயன ஆய்வகம்தான் சொல்ல முடியும். காசோலை வழக்கில் எதிரிக்குத் தன் கையெழுத்து தெரியும். அந்தக் கடன் வாதியின் வரவேட்டில் முன்பே தீர்ந்ததாக எழுதப்பட்டிருப்பது தெரியாது. கைகலப்பில் யார் முதலில் கை ஓங்கினார் என்பதில் குடித்திருந்த இளைஞனின் நினைவைவிடச் சுவரில் இருந்த கேமராவை நம்பலாம். இன்றைய குற்ற வழக்குகளில் கணினிப் பதிவும் ஆய்வக அறிக்கையும் கைப்பேசித் தரவும் வங்கிக் கணக்கும் பெருகப் பெருக, எதிரிக்குத் தெரியாத உண்மைகளின் பங்கும் பெருகுகிறது. அசியேடு தீர்ப்பின் தர்க்கம் சரியாகப் பொருந்தும் வழக்குகள் குறைந்துகொண்டே வருகின்றன.

அமெரிக்கா இதே கேள்வியில் தடுமாறி நிற்கிறது. எதிரிக்குச் சாதகமான முக்கியச் சான்றை மறைப்பது முறையான சட்டநடைமுறைக்கு எதிரானது என்று 1963இல் பிரேடி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதித்தது. ஆனால் 2002இல் ரூயிஸ் வழக்கில், அரசுத் தரப்புச் சாட்சிகளின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் தகவலை ஒப்புதல் பேரத்துக்கு முன்பே தந்தாக வேண்டியதில்லை என்று சொன்னது. அத்தகைய தகவல் விசாரணையின் நியாயத்தோடு தொடர்புடையது, ஒப்புதலின் தன்னிச்சையோடு அல்ல என்பது அதன் காரணம். நிரபராதி என்று நேரடியாகக் காட்டும் சான்றின் நிலை என்ன என்பதை ரூயிஸ் தீர்க்கவில்லை. அந்த இடைவெளியின் விலையை அல்வாரெஸ் வழக்கு காட்டியது. டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் நகரக் காவல் கூடத்தில், 2005இல், 17 வயது இளைஞர் காவலரைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஒப்புக்கொண்டார். அவர் தாக்கவில்லை என்பதைக் காட்டும் காணொளி காவல் துறையிடமே இருந்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டு சிறை வாழ்க்கைக்குப் பின்னர் அது வெளிவந்து, மாநில நீதிமன்றம் அவரை நிரபராதி என்று அறிவித்தது. நகரத்தின் மீது தொடுத்த வழக்கில் கிடைத்த 23 லட்சம் டாலர் இழப்பீட்டை 2018இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு ரத்து செய்தது. ஒப்புதலுக்கு முன் அந்தக் காணொளியைப் பெறும் அரசியலமைப்பு உரிமையை முன்தீர்ப்புகள் நிலைநாட்டவில்லை என்று கூறியது. குற்றமே செய்யவில்லை என்று நீதிமன்றம் சொன்ன ஒருவருக்கும், அவர் விசாரணை கேட்காததால், உரிமை இல்லை என்று முடியும் சட்டநிலை நம்மால் பின்பற்றத்தக்கதன்று.

அதே நாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. மாசசூசெட்ஸ் மாநில ஆய்வகத்தில் ஓர் ஆய்வாளர் போதைப்பொருள் மாதிரிகளைச் சோதிக்காமலே சான்றிதழ் தந்தது தெரியவந்தபோது, அவருடைய சான்றிதழை நம்பி ஒப்புக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தன் மாதிரி உண்மையில் சோதிக்கப்பட்டதா இல்லையா என்று அவர்களில் எவராலும் நிரூபிக்க முடியாது. 2014இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் ஸ்காட் வழக்கில் அந்தச் சுமையை மாற்றி வைத்தது. அந்த ஆய்வாளர் கையொப்பமிட்ட சான்றிதழ் என்று காட்டினால் போதும், அரசுத் தரப்பின் கடுமையான முறைகேடு இருந்ததாக ஊகிக்கப்படும். அதன்பின் எதிரி, இது தெரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன் என்பதற்கு நியாயமான சாத்தியத்தைக் காட்ட வேண்டும். வழக்கு வழக்காகப் பார்ப்பது நடைமுறையில் முடியாமல் போய், 2017இல் 21,587 தண்டனைத் தீர்ப்புகள் ஒரே நேரத்தில் நீக்கப்பட்டன. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் அந்தப் பெருந்தொகை பிழையை உருவாக்கிய ஆய்வகத்தின் கணக்கில் சேர வேண்டியது. திருத்திய நீதிமன்றத்தின் கணக்கில் சேர வேண்டியதன்று. ஸ்காட் தீர்ப்பின் இரண்டு படிகளும் நம் உயர் நீதிமன்றங்கள் அப்படியே எடுத்தாளத் தகுந்தவை.

நம் சட்டத்தில் நிலை என்ன? 1980இல் காசம்பாய் வழக்கில், உணவுக் கலப்படக் குற்றத்தில் பேரம் பேசி வாங்கிய ஒப்புதலை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. நீண்ட வழக்கின் அலைச்சலுக்கு அஞ்சி நிரபராதியும் ஒப்புக்கொண்டுவிடுவார் என்பது அன்றைய கவலை. 2006இல் பேரம் சட்டத்துக்குள்ளேயே வந்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 289 முதல் 300 வரையான பிரிவுகளில் அது நிற்கிறது. 290ஆவது பிரிவின்படி மனுவோடு தாக்கல் செய்யும் உறுதிமொழிப் பத்திரத்தை நண்பர்கள் மறுபடி எடுத்துப் படிக்க வேண்டுகிறோம். குற்றத்துக்கான தண்டனையின் தன்மையையும் அளவையும் புரிந்துகொண்டு, தன்னிச்சையாக மனு செய்கிறேன் என்று எதிரி அதில் உறுதி சொல்கிறார். தண்டனை தெரியும் என்கிறார். சான்று தெரியும் என்று சொல்லும்படி சட்டம் அவரைக் கேட்கவில்லை. நீதிபதி தனியறையில் எதிரியை விசாரிப்பதும் தன்னிச்சையைப் பற்றித்தான். மிரட்டல் இல்லை, ஆசை காட்டல் இல்லை என்பதோடு விசாரிப்பு முடிந்துவிடுகிறது. அறியாமையில் எழுந்த விருப்பம் தன்னிச்சையாகுமா என்ற கேள்வி அந்த அறைக்குள் எழுவதே இல்லை.

இதில் காலக் கணக்கும் எதிரிக்கு எதிராக இருக்கிறது. 230ஆவது பிரிவின் கீழ் 14 நாளுக்குள் கிடைப்பது இறுதி அறிக்கையோடு வந்த, அரசுத் தரப்பு சார்ந்து நிற்கும் ஆவணங்கள். அரசுத் தரப்பு சார்ந்து நிற்காத வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருள்கள் ஆகியவற்றின் பட்டியலைத் தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2021இல் தந்த வழிகாட்டுதலிலிருந்தும், 2022 மே மாத மனோஜ் தீர்ப்பிலிருந்தும் பிறந்த உரிமை. விசாரணை தொடங்கும் கட்டத்தை நோக்கியே அது பேசுகிறது. பேர மனுவுக்கோ, குற்றச்சாட்டு வனைந்த நாளிலிருந்து 30 நாள் மட்டுமே புதிய சட்டம் தருகிறது. பட்டியல் வந்து, அதைப் படித்து, வேண்டிய ஆவணத்துக்கு மனுப் போட்டு, உத்தரவு வாங்குவதற்குள் 30 நாள் ஓடிவிடும். பட்டியலைப் பார்க்காமல் பேரத்துக்குப் போவது, அல்லது பேரத்தை இழப்பது என்ற இக்கட்டில் எதிரி நிற்கிறார். தமிழ்நாட்டு வழக்கான பொன்னுசாமியில், 2022 நவம்பரில், காலம் கடந்து கேட்கப்பட்டது என்பதால் மனு தள்ளுபடியானதையும் நாம் மறக்கக் கூடாது. உரிமை இருக்கிறது, ஆனால் நேரத்தில் கேட்டவருக்குத்தான் அது பயன்படும். சார்ந்து நிற்காத ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையை 2012இல் சசிகலா வழக்கில் உச்ச நீதிமன்றம் எதிரியை நீதிமன்றம் வினவும் கட்டத்தில்கூட ஒப்புக்கொண்டது. அந்த வழக்கில் விசாரணை என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒப்புக்கொள்ளும் எதிரிக்கு இன்னொரு கட்டம் வரப்போவதில்லை. எனவே அவருக்குச் சான்றைக் காட்டும் கடமை குறைகிறது என்பது தலைகீழான வாதம். பின்னால் பிழை திருத்த வாய்ப்பு இல்லாதவருக்குத்தான் அது முன்கூட்டியே, முழுதாக வேண்டும்.

எல்லாவற்றையும் முன்பே காட்டிவிட்டால் பேரத்தினால் அரசுக்கு மிச்சமாகும் நேரமும் உழைப்பும் எங்கே என்று கேட்பார்கள். சாட்சிகளின் பாதுகாப்பு பற்றியும் கேட்பார்கள். ரூயிஸ் தீர்ப்பும் இவற்றைச் சொன்னது. சாட்சியின் முகவரியை மறைத்துத் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தக் கவலை வரும் வழக்குகளில் அதைச் செய்யட்டும். உழைப்பைப் பற்றிய வாதத்தை நாம் ஏற்கவில்லை. இங்கே கேட்கப்படுவது, புலன்விசாரணை அதிகாரியின் கேஸ் கட்டில் ஏற்கெனவே இருக்கும் தாள்களின் பட்டியல். வேறு சிலர், இங்கே பேர மனுக்களே அரிது, இது வெறும் ஏட்டுக் கேள்வி என்பார்கள். பேரம் அரிதாக இருக்கலாம், ஒப்புதல் அரிதன்று. நடுவர் நீதிமன்றங்களில், ஏற்கெனவே சிறையில் கழித்த நாள்களையே தண்டனையாக வைத்து இன்றே வெளியே போகலாம் என்று கேட்டவுடன் தலையாட்டும் எதிரிகளை நாம் எல்லோரும் அறிவோம். சிலர் இரசாயன ஆய்வறிக்கை வருமுன்பே தலையாட்டுகிறார்கள். அபராதம் சில நூறு ரூபாயாக இருக்கலாம். அரசு வேலைக்கான காவல் துறைச் சரிபார்ப்பில் அந்தத் தண்டனை பல ஆண்டுகள் கழித்தும் எழுந்து நிற்கும்.

அப்படியானால் மறைக்கப்பட்டது பின்னால் வெளிவந்தால் எந்த வழி திறந்திருக்கிறது? பேரத்தின்பேரில் வந்த தீர்ப்புக்கு 295ஆவது பிரிவு மேல்முறையீட்டை அடைத்தாலும், அரசியலமைப்பின் 136, 226, 227ஆவது உறுப்புகளின் வழியை அதுவே வெளிப்படையாக விட்டுவைத்திருக்கிறது. சாதாரண ஒப்புதலில் 416ஆவது பிரிவு தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் தவிர மற்றவற்றில் மேல்முறையீட்டைத் தடுக்கிறது. மேல்முறையீடு இல்லை என்பதாலேயே சீராய்வு திறக்கிறது. மேல்முறையீடு செய்யக்கூடியவர் செய்யாமல் விட்டால்தான் 442ஆவது பிரிவின் தடை வரும். செய்யவே முடியாதவருக்கு அது வராது. சீராய்வுக்கான 90 நாளைப் பொறுத்தவரை, ஆவணம் மோசடியாக மறைக்கப்பட்டிருந்தால் அது வெளிப்பட்ட நாளிலிருந்தே காலம் ஓடும் என்று காலவரையறைச் சட்டத்தின் 17ஆவது பிரிவைக் கொண்டு வாதிட இடமுண்டு. குறைந்தது 5ஆவது பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்க அதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது. இங்கிலாந்தில் நடுவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவருக்கும் மறுஆய்வு ஆணையத்தின் வழியாக மேல்முறையீடு கிடைக்கிறது. 2020 டிசம்பரில் முதலில் ரத்தான ஆறு அஞ்சல் தண்டனைகள் அந்த வழியில் வந்தவையே. அந்த ஆணையம் இருந்தும் போதாமல், மீதியிருந்த தண்டனைகளை 2024 மே மாதம் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி நீக்க வேண்டியிருந்தது. நமக்கு அத்தகைய ஆணையம் இல்லை. உயர் நீதிமன்றத்தின் சீராய்வும் நீதிப்பேராணையும் 528ஆவது பிரிவும்தான் இருக்கின்றன. அவற்றின் வாசலில் ‘ஒத்துக்கொண்டாரே’ என்ற ஒற்றைச் சொல்லைத் தடையாக வைத்தால் மறைத்தவர் முழுதாகத் தப்பிவிடுவார்.

வழக்கறிஞர் நண்பர்கள் இன்றே செய்யக்கூடியது, குற்றச்சாட்டு வனையப்படும் நாளிலேயே மனோஜ் தீர்ப்பைச் சுட்டி, சார்ந்து நிற்காத ஆவணங்களின் பட்டியலுக்கு எழுத்தில் மனுச் செய்வது. கட்சிக்காரர் ஒப்புக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும். அப்போதுதான் இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும். பட்டியல் தரப்பட்டதா, இல்லையா, அதில் எதைப் பார்த்தோம் என்பதை 290ஆவது பிரிவின் உறுதிமொழிப் பத்திரத்திலேயே ஒரு பத்தியாகச் சேர்க்கலாம். சட்டம் கேட்கவில்லை என்பது சேர்ப்பதற்குத் தடையன்று. பட்டியலுக்கு வெளியே எதிரிக்குச் சாதகமான எதுவும் தம் கோப்பில் இல்லை என்று அரசு வழக்கறிஞரும் கையெழுத்திட வேண்டும் எனக் கேட்கலாம். மறுத்தால் மறுப்பைப் பதிவு செய்யுமாறு நீதிபதியிடம் வேண்டலாம். நாளை ஏதேனும் ஒரு தாள் வெளிவந்து சீராய்வு மனு போட நேர்ந்தால், அன்று எது தெரியாமல் கையெழுத்திடப்பட்டது என்பதற்கு நீதிமன்றத்தின் சொந்தப் பதிவேடே சான்றாக இருக்கும்.